ஆறு மாதத்தில் மாறும் மடை: ரத்தத்தின் சுவிட்ச்சும் ரூ.18 கோடி சிகிச்சையும்

"ஆறு மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தான், டாக்டர்?"

தலசீமியா அல்லது அரிவாள் செல் ரத்தசோகை என்று தெரியவந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் பலரும் கேட்கிற கேள்வி இது. கேள்விக்குள் ஒரு சந்தேகமும் இருக்கும். நடுவில் ஏதோ தப்பு நடந்துவிட்டது. கொடுத்த பால் சேரவில்லையா, போட்ட தடுப்பூசி ஒத்துக்கொள்ளவில்லையா, யாராவது கண் வைத்துவிட்டார்களா? பல வீடுகளில் இந்தச் சந்தேகம் கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விழும்.

யார் மேலேயும் தப்பு இல்லை. அந்தக் கோளாறு கருவான நாளிலிருந்தே குழந்தையின் மரபணுவில் இருந்தது. ஆனால், அந்த மரபணு அதுவரை வேலைக்கே வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு மரபணு ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறாவது மாதத்தை ஒட்டி அது ஓய்வுபெற, பழுதான மரபணு வேலைக்கு வந்தது. நோயும் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

அப்படியென்றால், ஓய்வுபெற்றதை மறுபடி வேலைக்குக் கூப்பிட முடியாதா? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளைத் தூங்கவிடாத கேள்வி இது. 2023இல் 'முடியும்' என்ற பதில் மருந்துச் சந்தைக்கு வந்தது. விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். அந்த விலையைப் பார்த்து வாயைப் பிளப்பதற்கு முன்னால், அதே வேலையைப் பாதியாவது செய்யக்கூடிய ஒரு பழைய கேப்ஸ்யூல் நம் ஊர் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

வரிசையாக வெட்டிய பாத்திகள்

முதலில் ஹீமோகுளோபின். ரத்தச் சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம். நான்கு சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு ஹீமோகுளோபின். அந்தச் சங்கிலிகளுக்குத்தான் குளோபின் என்று பெயர். இரண்டு சங்கிலிகள் ஆல்பா குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டு பீட்டா குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு சிவப்பணுவுக்குள் இப்படி ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. பெரியவர் ஒருவரின் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. பிரம்மாண்டமான தொழிற்சாலை. இதில் ஒரு சிறு பிழை வந்தாலும் உடல் முழுக்கத் தெரியும்.

ஆல்பா குடும்பத்து மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. கதை நடப்பது 11ஆம் குரோமோசோமில், பீட்டா குடும்பத்தின் வீட்டில். அங்கே எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா என ஐந்து மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வேலைக்கு வருவதும் இதே வரிசையில்தான். கருவின் முதல் சில வாரங்களில் எப்சிலான். பிறகு பிரசவம் வரை காமா. பிறந்த பின் பீட்டா. டெல்டா எப்போதும் பெயருக்கு ஓரமாக நிற்கிற ஆள். தலசீமியா கேரியரா என்று பார்க்கும் பரிசோதனை ரிப்போர்ட்டில் மட்டும் 'ஏ2' என்ற பெயரில் தலைகாட்டும்.

கருவுக்கு ஏன் தனி ஹீமோகுளோபின்? வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காற்று கிடையாது. தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் கை கொடுக்கிறவர் கையைவிட இறுக்கமாக இருந்தால்தான் பொருள் கைமாறும். காமா சங்கிலியால் ஆன கருக்கால ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை அப்படி இறுக்கிப் பிடிக்கும். பிறந்து, நுரையீரல் வேலை செய்ய ஆரம்பித்ததும் அந்தத் தேவை போய்விடுகிறது.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கிணற்றுப் பாசனத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு பம்ப்செட். வரிசையாக ஐந்து பாத்திகள். எந்தப் பாத்தியின் மடை திறந்திருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் பாயும். பீட்டா குடும்ப வரிசையின் முன்னால் அப்படியொரு பம்ப்செட் இருப்பது 1987இல் தெரியவந்தது. எல்.சி.ஆர். என்று அதைச் சொல்கிறார்கள். இதுவும் டிஎன்ஏ துண்டுதான். எந்தப் புரதத்தையும் செய்யாது, மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுவது மட்டுமே அதன் வேலை. கடைசியில் நிற்கும் பீட்டா மரபணுவுக்கும் இதற்கும் நடுவே ஐம்பதாயிரம் டிஎன்ஏ எழுத்துகளுக்கு மேல் தூரம். அவ்வளவு தூரத்தை எப்படிக் கடக்கிறது? டிஎன்ஏ கயிறு மாதிரி வளைந்து, எல்.சி.ஆர். துண்டை அந்தந்த மரபணுவின் வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. பாத்தி உவமை இந்த இடத்தில் கொஞ்சம் இடிக்கும். வாய்க்காலைவிட, தோட்டத்தில் இழுத்துப் போகிற ரப்பர் ஹோஸ் பைப்புதான் இதற்குப் பொருத்தம். இப்போது காமாவின் வாசலில் நிற்கும். நாளை பீட்டாவின் வாசலில்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏவே கிடையாது. சுவிட்ச் போடுவதும் அணைப்பதும் மஜ்ஜைக்குள், சிவப்பணுவாக வளர்ந்துகொண்டிருக்கும் இளம் செல்லில் நடக்கும் விஷயம். வெளியே வந்த அணு, கட்டிச் சாப்பாட்டோடு கிளம்பிய பயணி மாதிரி. வழியில் எதையும் மாற்ற முடியாது.

இந்த மாற்றத்துக்கு ஒரு கடிகாரம் உண்டு. அது பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. எட்டாம் மாதத்தில் குறைப்பிரசவமாகப் பிறந்த குழந்தைக்கு மடை முன்கூட்டி மாறுவதில்லை; கருவான நாளிலிருந்து ஓடும் கணக்குப்படியே மாறும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் மாற்றம் தள்ளிப்போகிறது என்று 1985இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆக, அந்தக் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும் வழி இயற்கையிலேயே இருக்கிறது என்று மருத்துவர்கள் அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

புரூக்ளின் குழந்தைகள் சொன்ன சேதி

அரிவாள் செல் நோய்க்குக் காரணம் பீட்டா மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது. அதனால் சங்கிலியின் ஆறாவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிவிடுகிறது. ஆக்ஸிஜனைக் கொடுத்து முடித்ததும் இந்தப் பழுதான ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகின்றன. சிவப்பணு வட்டத்தட்டு வடிவம் இழந்து அரிவாள் போல வளைகிறது. நுண்ணிய ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடத்தில் வரும் வலியை அனுபவித்தவர்கள் எலும்பை முறிப்பதற்கு ஒப்பிடுவார்கள். பக்கவாதம், நுரையீரல் பாதிப்பு, மண்ணீரல் செயலிழப்பு, கிருமித் தொற்று என்று பட்டியல் நீளும். சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும்.

தலசீமியாவில் கதை வேறு. அங்கே பீட்டா சங்கிலி குறைவு, அல்லது சுத்தமாக இல்லை. ஜோடி கிடைக்காத ஆல்பா சங்கிலிகள் செல்லுக்குள் குவிந்து அதைக் கொன்றுவிடுகின்றன. குழந்தை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டும்.

நோய்கள் இரண்டு, பழுதான மரபணு ஒன்றுதான். இரண்டிலும் காமா தொடர்ந்து வேலை செய்தால் பிழைத்துக்கொள்ளலாம். அரிவாள் செல் நோயில் காமா கலந்த ஹீமோகுளோபின் அந்தக் கம்பிகளில் சேராது. கம்பி நீள்வதையே தடுக்கும். தலசீமியாவில் காமா, அனாதையாக நிற்கும் ஆல்பாவுக்கு ஜோடியாகும்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர். 1948இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், அரிவாள் செல் மரபணுவோடு பிறந்த பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் வளைந்த அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்தார். கருக்கால ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காப்பாற்றுகிறது என்று எழுதினார். டிஎன்ஏவின் வடிவமே தெரியாத காலம் அது. லினஸ் பாலிங் இதை 'மூலக்கூறு நோய்' என்று அறிவித்ததுகூட அடுத்த ஆண்டுதான்.

பிறகு இயற்கையே இன்னொரு சாட்சியைக் கொண்டுவந்தது. சிலருக்கு வளர்ந்த பிறகும் காமா அணைவதில்லை. பிறவியிலேயே அப்படி. அவர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு அரிவாள் செல் மரபணுவும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் நோயே தெரியாமல் வாழ்ந்துவிடுகிறார். சவுதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்திலும் இந்தியாவிலும் அரிவாள் செல் நோயாளிகள் பலரிடம் ஆப்பிரிக்க நோயாளிகளைவிடக் கருக்கால ஹீமோகுளோபின் அதிகமாகவே இருக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தி இந்தியாவுக்கு நல்லதைவிடக் கெட்டதையே அதிகம் செய்தது என்று சொல்லலாம். 'நம்ம ஊர் சிக்கிள் செல் மைல்டுதான்' என்ற எண்ணம் மருத்துவ வட்டாரத்திலேயே வேரூன்றிவிட்டது. நாக்பூர் பகுதியில் பிறந்தது முதல் பின்தொடரப்பட்ட குழந்தைகளின் ஆய்வுகள் அந்த எண்ணத்தை உடைத்துவிட்டன. அங்கே கடுமையான நோய் கொண்ட குழந்தைகள் நிறையவே இருந்தார்கள். சராசரி எப்போதும் கொஞ்சம் ஏமாற்றும். ரத்தத்தில் 20 சதவீதம் கருக்கால ஹீமோகுளோபின் என்று ரிப்போர்ட் சொன்னால், ஒவ்வொரு அணுவிலும் 20 சதவீதம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில அணுக்களில் நிறைய, சிலவற்றில் சுத்தமாக இல்லை என்றும் இருக்கலாம். இல்லாத அணுக்கள் வளையத்தான் செய்யும்.

மடையை அடைத்தது யார்?

காமாவை அணைப்பது எது என்று பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. பதில் வந்தது, எதிர்பாராத இடத்திலிருந்து. 2007இலும் 2008இலும், கருக்கால ஹீமோகுளோபின் கொஞ்சம் அதிகமாக இருப்பவர்கள், கொஞ்சம் குறைவாக இருப்பவர்கள் என்று பலரின் மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இத்தாலியின் சார்டீனியா தீவு மக்களிடமும் இந்தத் தேடல் நடந்தது. வித்தியாசம் 11ஆம் குரோமோசோமில் மட்டும் இல்லை. 2ஆம் குரோமோசோமில், பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவிலும் இருந்தது. அதுவரை ரத்தப் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு மட்டுமே பழக்கமான பெயர். ஹீமோகுளோபின் விவகாரத்தில் அதை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை.

ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஆர்கின் குழு 2008இல் சோதனைக்கூடத்தில் அந்த மரபணுவின் அளவைக் குறைத்துப் பார்த்தது. காமா எழுந்து உட்கார்ந்தது. 2011இல் அரிவாள் செல் நோய் உள்ள எலிகளின் ரத்த செல்களில் அதை நீக்கியபோது நோயின் அறிகுறிகளே சரியாகின. காமா மரபணுவின் வாசலில் போய் உட்கார்ந்து மடையை அடைக்கும் புரதம் இதுதான். அது எந்த எழுத்துகளின் மேல் உட்காருகிறது என்பதும் 2018இல் துல்லியமாகத் தெரிந்தது. பிறவியிலேயே காமா அணையாதவர்கள் சிலருக்குச் சரியாக அந்த எழுத்துகள்தான் மாறியிருந்தன. மடையில் மண் ஒட்டவே இல்லை.

இங்கதான் ட்விஸ்ட். பி.சி.எல்.11ஏவை உடம்பு முழுக்க அணைத்துவிட முடியாது. மூளை வளர்ச்சிக்கும், நோய் எதிர்ப்பு செல்களுக்கும் அது தேவை. வழி 2013இல் கிடைத்தது. சிவப்பணு உருவாகும் செல்களில் மட்டும் இந்த மரபணுவை முடுக்கிவிடும் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டு, அந்த மரபணுவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அதை மட்டும் வெட்டினால் மூளைக்கு ஒன்றும் ஆகாது. ரத்தத்தில் மட்டும் காமா திரும்பும். வீட்டு மெயினை இறக்காமல் ஒரே ஓர் அறையின் ஃப்யூஸை மட்டும் பிடுங்குகிற மாதிரி.

அந்த ஃப்யூஸைப் பிடுங்கும் கருவிதான் கிரிஸ்பர். சிகிச்சையின் பெயர் காஸ்ஜெவி. வெர்டெக்ஸ், கிரிஸ்பர் தெரபியூடிக்ஸ் நிறுவனங்கள் உருவாக்கியது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் சிகிச்சை. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான சோதனையில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 அரிவாள் செல் நோயாளிகளில் 29 பேருக்கு, தொடர்ந்து ஓராண்டாவது கடுமையான வலித்தாக்குதல் ஒன்றுகூட வரவில்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவர்களுக்கு இது மறுபிறவிதான்.

பழுதான பீட்டா மரபணுவை இதில் யாரும் தொடவில்லை. எழுத்துப்பிழை அப்படியே இருக்கிறது, பிள்ளைகளுக்கும் போகக்கூடும். பிழையைத் திருத்தாமலே, பழைய ஆளை மறுபடி வேலைக்கு அழைத்து நோயாளியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அறிவியல் என்று பார்த்தால் கை தட்ட வேண்டிய வேலை.

18 கோடி எங்கே போகிறது?

நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பி வெட்ட வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு புசல்ஃபான் என்ற கடுமையான கீமோ மருந்தால் பழைய மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். அப்புறம்தான் திருத்திய செல்களை ஏற்றுவார்கள். எதிர்ப்பு சக்தி திரும்பும்வரை வாரக்கணக்கில் தனி அறையில் இருக்க வேண்டும். கீமோவால் குழந்தை பெறும் திறன் போகும் ஆபத்தும் உண்டு. சிகிச்சையை 'ஒரே ஊசி' என்று சொல்லும் செய்திகளை நம்ப வேண்டாம்.

இப்போது நோய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2021 கணக்கின்படி உலகில் சுமார் 77 லட்சம் பேர் அரிவாள் செல் நோயோடு வாழ்கிறார்கள். அந்த ஆண்டு இந்த நோயோடு பிறந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் முக்கால் பங்குக்கும் அதிகமானோர் பிறந்தது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில். மலேரியா இருந்த இடங்களில் இந்த மரபணு நிலைத்தது. ஒற்றைப் பிரதி வைத்திருப்பவரை அது மலேரியாவிலிருந்து காப்பாற்றும். ஏழை நாடுகளின் நோய்க்குப் பணக்கார நாடுகளின் விலையில் மருந்து வந்திருக்கிறது.

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரியில். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடியினரிடம் அதைக் கண்டார்கள். பிறகு மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, குஜராத் என்று மத்திய இந்தியப் பட்டை முழுக்கத் தெரியவந்தது. ஏழு பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய ஒழிப்புத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது இலக்கு. 2025இன் நடுப்பகுதிக்குள் 6 கோடிக்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டு, 2 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு நோய் இருப்பது தெரியவந்தது.

எண்ணிக்கை பெரியது, பாராட்டலாம். ஆனால் கேள்வி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பரிசோதனை முடிந்ததும் மரபணு நிலை எழுதிய அட்டை கையில் கிடைக்கிறது. கல்யாணத்துக்கு முன் இரண்டு அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு கேரியர்கள் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு என்பதால் அந்த அறிவுரைக்கு நியாயம் உண்டு. சரி, ஏற்கெனவே பிறந்து, இரவெல்லாம் கால் வலியில் அழுகிற பிள்ளைக்கு அந்த அட்டை என்ன செய்யும்? சிகிச்சை பின்னால் வராவிட்டால், அட்டை வரன் தட்டிப்போகவும் ஊர் வாயில் விழவும் மட்டுமே உதவும். அதுவும் பெண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம்.

டீ விலையில் ஒரு சுவிட்ச்

ஹைட்ராக்சியூரியா. பழைய புற்றுநோய் மருந்து. மஜ்ஜையில் செல்கள் பிரிவதை இது லேசாகத் தடுக்கிறது. மஜ்ஜை அவசர அவசரமாக ஈடுகட்டப் பார்க்கும்போது, காமா இன்னும் முழுசாக அணையாத இளம் செல்கள் அதிகமாக வெளியே வருகின்றன. கருக்கால ஹீமோகுளோபின் ஏறுகிறது. 1984இல் அரிவாள் செல் நோயாளிகளிடம் இதை முதலில் காட்டினார்கள். 1995இல் 299 பெரியவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், மருந்து கொடுக்கப்படாத பிரிவில் ஆண்டுக்கு 4.5 ஆக இருந்த வலித்தாக்குதல், மருந்து சாப்பிட்ட பிரிவில் 2.5 ஆக இருந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 1998இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது.

'அமெரிக்க ஆஸ்பத்திரியில் சரி, கிராமத்தில் கொடுத்தால் ஆபத்தில்லையா?' என்ற நியாயமான பயம் ரொம்ப நாள் இருந்தது. அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளின் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019இல் அதற்குப் பதில் சொன்னது. வலித்தாக்குதல் குறைந்தது. ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறைந்தது. மலேரியாகூடக் குறைந்தது. சாவுகளும் குறைந்தன.

இந்தியாவில் இந்த மருந்தின் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றின் விலை ஏறத்தாழ ஒரு டீயின் விலை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இது முழுக் குணம் தராது. தினமும், வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் தொடரக் கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்காது. ரத்தம் ஏற்றியே வாழும் தலசீமியா நோயாளிகள் பலருக்கு இதனால் பெரிய பலன் கிடைப்பதில்லை. புற்றுநோய் மருந்து என்ற பெயரைக் கேட்டதுமே வீட்டில் பயந்து தூக்கிப் போட்டுவிடுவதும் நடக்கிறது. 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலை ஒன்பது கிலோ எடையுள்ள குழந்தைக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பது நடைமுறையில் பெரிய தலைவலி. சிறு அளவு மாத்திரையோ சிரப்போ ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்தால்தான் அது தீரும்.

இத்தனைக்கும் பிறகும், ஒழிப்புத் திட்டம் பற்றிய மேடைப் பேச்சில் அடிபடுவது பரிசோதனை எண்ணிக்கைதான். நோய் உறுதியான 2 லட்சம் பேரில் இந்த மாதம் ஹைட்ராக்சியூரியா வாங்கியவர்கள் எத்தனை பேர்? ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய கருக்கால ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறியது? மாவட்ட வாரியாக, அட்டை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இந்த எண்கள் வர வேண்டும். திட்டம் ஜெயிக்கிறதா என்பதை அவைதான் காட்டும்.

அப்போ கிரிஸ்பர் வேண்டாமா?

வேண்டும். கேப்ஸ்யூலைக் காட்டி ஜீன் சிகிச்சை ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்வது, சைக்கிள் இருக்கிறதே என்று ரயில் பாதை போடாமல் விடுவதற்குச் சமம். வேலூரில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், காமா மரபணுவின் வாசலில் ஒற்றை எழுத்தை மட்டும் மாற்றி அதை எழுப்பும் இடங்களைத் தேடி 2022இல் ஆய்வு வெளியிட்டார்கள். டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் உருவாக்கிய 'பிர்சா 101' என்ற கிரிஸ்பர் சிகிச்சை 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டில் செய்தால் விலை பல மடங்கு இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்கினாலும் கீமோவும் தனி அறையும் மஜ்ஜை மாற்று வசதியும் தேவைப்படும் சிகிச்சை, மலைக் கிராமத்து மருத்துவமனைக்கு அடுத்த சில ஆண்டுகளில் வந்துவிடாது.

வருவதற்கு அதிக வாய்ப்புள்ளது மாத்திரைதான். காமாவை அணைத்துவைக்கும் புரதங்களில் இன்னொன்றான விஸ் என்பதை உடைத்துப்போடும் மூலக்கூறை நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டார்கள். எலியிலும் குரங்கிலும் கருக்கால ஹீமோகுளோபின் ஏறியது. மனிதர்களிடம் பலித்தால், ஃப்யூஸைப் பிடுங்க மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டியிருக்காது. இந்தியா தன் ஆராய்ச்சிப் பணத்தில் கணிசமான பங்கை இந்தப் பக்கம் திருப்புவது புத்திசாலித்தனம். மாத்திரை செய்வது நம் நாட்டு நிறுவனங்களுக்குக் கைவந்த கலை.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு சந்திப்பு

மடை மாறும் நேரம் முன்கூட்டியே தெரியும் என்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஆறு மாதம் அவகாசம். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால், முதல் வலி வருவதற்கு முன்பே தயாராகலாம்.

ஆனால், முகாம்களில் முதல்கட்டச் சோதனையாகப் பயன்படும் மலிவான கரைதிறன் சோதனை பச்சிளங்குழந்தையிடம் செல்லாது. பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபினில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் காமாதான் என்பதால், 'நோய் இல்லை' என்றே தவறாகக் காட்டும். அம்மாவை ஏமாற்றிய அதே ஆறு மாதம் இந்தச் சோதனையையும் ஏமாற்றும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. போன்ற சோதனையைச் செய்ய வேண்டும். நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் பிரசவ வார்டிலேயே இதைக் கட்டாயமாக்கலாம். கருவி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருந்தால் போதும். வடிதாளில் உலர்த்திய சொட்டு தபாலில்கூடப் போகும்.

ஹைட்ராக்சியூரியாவை ஒன்பதாவது மாதத்திலிருந்தே தொடங்கலாம் என்பது 2014இலேயே அமெரிக்க வழிகாட்டுதலில் வந்துவிட்டது. இந்தியாவில் எல்லாக் குழந்தைகளும் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசிக்காக ஒன்பது மாதம் நிறைந்ததும் சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். நிமோனியா தடுப்பூசியின் மூன்றாவது தவணையும் அன்றைக்குத்தான். கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே தேதி ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தேதியில், பிரசவ வார்டில் எடுத்த ரத்தத்தின் முடிவும், குழந்தையின் எடைக்கேற்ற முதல் மாத மருந்தும் செவிலியரின் மேஜைமேல் இருக்க வேண்டும்.